பல்சர் உள்ளூரா, வெளியூரா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் போகிற போக்கில் பல்சர் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் அதுதான். இடிதாங்கி பற்றிக் கேட்டவர்களும், குக்கர் விசில் ஏன் தண்ணீர் கக்குகிறது என்று கேட்ட அம்மாவும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: எங்கள் தெருவில் பல்சர் என்றால் பைக். நீங்கள் எழுதுகிற பல்சருக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா டீச்சர்?
– கல்லூரி மாணவர், துறையூர்

ப: பெயர் ஒன்று, அவ்வளவுதான். நான் எழுதியது, பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு எஞ்சி, சுற்றிக்கொண்டே ரேடியோ சிக்னல் அனுப்பும் உருண்டை. வானத்தில் இருப்பதற்குப் பெயர் வைத்தது 1968-இல். பஜாஜ் பைக் ரோட்டுக்கு வந்தது 2001-இல். ஆக, வானத்தில் இருப்பதுதான் மூத்தது. நாடி மாதிரி விட்டு விட்டுச் சிக்னல் வருவதால் அந்தப் பெயர். தமிழில் துடிக்கும் விண்மீன் என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது துடிக்கவில்லை, சுற்றுகிறது. உங்கள் பைக்கை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் என்ஜின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுப் பக்கம் வரும், வினாடிக்கு 160 சொச்சம். இதுவரை தெரிந்ததில் வேகமான பல்சர் வினாடிக்கு 716 சுற்று சுற்றுகிறது. அதன் குறுக்களவு ஊட்டிக்கும் குன்னூருக்கும் உள்ள ரோட்டுத் தூரம். ரேஸ் வேண்டாம் தம்பி.

கே: எங்கள் ஊரில் நடந்த வினாடி வினாவில், 'நமது சூரிய குடும்பத்தில் உள்ள நட்சத்திரங்களில் எது பல்சர்?' என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். எனக்குக் குழப்பமாக இருந்ததால் எதையும் டிக் செய்யவில்லை. மதிப்பெண் போய்விட்டது. சரியான விடை எது டீச்சர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவகோட்டை

ப: டிக் செய்யாமல் விட்டாய் பார் கண்ணு, அதுதான் சரியான விடை. சூரிய குடும்பத்தில் நட்சத்திரங்கள் என்று பன்மையில் பேசவே முடியாது. இருப்பது ஒன்று. அது சூரியன், பல்சர் அல்ல. மொத்தக் குடும்பத்தின் எடையில் 99.8 சதவீதத்துக்கு மேல் அவர் ஒருவரே. வியாழன், சனி, பூமி, நீ, நான், தேவகோட்டை எல்லாம் மீதிச் சில்லறையில் அடக்கம்.

கேள்வி தயாரித்தவரையும் ரொம்பத் திட்ட முடியாது. நம் பேச்சிலேயே வம்பு இருக்கிறது. விடிவெள்ளி என்கிறோம், அது சுக்கிரன் என்கிற கோள். வால் நட்சத்திரம் என்கிறோம், அது பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. எரிநட்சத்திரம் என்கிறோம், அது பெரும்பாலும் மணல் பரல் அளவுத் துணுக்கு, காற்றில் உரசி எரிகிறது. இந்த மூன்றும் சூரிய குடும்பத்துக்குள் இருப்பவைதான், ஆனால் மூன்றில் ஒன்றுகூட நட்சத்திரம் இல்லை. அப்புறம் சூரியனையோ நவக்கிரகத்தில் சேர்த்து கிரகமாக்கிவிட்டோம். நட்சத்திரம் அல்லாததை எல்லாம் நட்சத்திரம் என்று கூப்பிட்டு, உண்மையான நட்சத்திரத்தைக் கிரகம் என்றால் பிள்ளைகள் என்னதான் செய்யும்?

தூரம் மனதில் பதிய ஒரு வழி சொல்கிறேன். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து உன் வீட்டு வாசலில் வை. அதுதான் சூரியன். அந்தக் கணக்கில் பூமி கசகசாவில் பாதிகூட இருக்காது, பழத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும். நெப்டியூன் தெருக்கோடி, ஒரு 150 மீட்டர். சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதை வைக்க நீ தேவகோட்டையிலிருந்து வடக்கே நாக்பூர் தாண்டிப் போக வேண்டும். நடுவில் வேறு பழம் கிடையாது. பல்சர்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்று சுமார் 500 ஒளியாண்டு. எலுமிச்சம்பழக் கணக்கில் நிலாவுக்குப் போகிற வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயாக வேண்டும்.

போன மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கு. இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கே: ஒரு சிக்னல் வந்தால் அது பக்கத்திலிருந்து வருகிறதா, ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறதா என்று எப்படிச் சொல்வது? பல்சர் சூரிய குடும்பத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்று முதலில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?
– மில் தொழிலாளி, கோவில்பட்டி

ப: இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், ஆசிரியர் கத்திரியை எடுக்காமல் இருக்க வேண்டும்.

உங்கள் மில் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதினால் நாளைக்கும் ஆறுக்குத்தான் ஊதும். பால்காரர், பஸ், பள்ளிக்கூட மணி, மனுஷன் செய்கிற காரியம் எல்லாம் 24 மணி நேரக் கணக்கு. நட்சத்திரம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. இன்று பத்து மணிக்கு ஓர் இடத்தில் இருக்கும் நட்சத்திரம் நாளைக்கு அதே இடத்துக்கு 9.56-க்கே வந்துவிடும். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால், நட்சத்திரக் கணக்கில் ஒரு நாள் என்பது 23 மணி 56 நிமிடம் 4 வினாடி.

இதைப் புத்தகத்தில் படித்துப் பல வருஷம் பாடம் நடத்தினேன். கண்ணால் பார்த்தது ரிட்டயர் ஆன பிறகு, கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் மொட்டை மாடியில். முதலில் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தை அடையாளமாக வைத்தேன். மட்டை ஆடிக்கொண்டே இருந்ததில் ஒன்றும் தேறவில்லை. பிறகு எதிர்வீட்டு சின்டெக்ஸ் தொட்டி. பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். தலை ஆடாமல் இருக்கச் சுவரில் பின்மண்டையை ஒட்டிக்கொண்டேன். சிரியஸ் நட்சத்திரம் தொட்டி ஓரத்தில் மறைகிற நொடி, டக்கென்று அணைந்தது மாதிரி இருக்கும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இது: ஏப்ரல் 4, இரவு 10.12. ஏப்ரல் 5, 10.08. ஏப்ரல் 6, மேகம். ஏப்ரல் 7, 10.00. எதிர்வீட்டு அம்மா நாலாம் நாள் காலையில், "எங்க தொட்டி ஒழுகுதா டீச்சர், ராத்திரியெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கீங்களே?" என்று கேட்டார்.

இப்போது கேம்பிரிட்ஜுக்குப் போவோம். 1967. ஜோசலின் பெல் வட அயர்லாந்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி, 24 வயது. அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ். ஊருக்கு வெளியே நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேல் கம்பங்களை நட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் ஆன்டெனாக்களைக் கட்டி ஒரு ரேடியோ தொலைநோக்கி. பார்க்கத் தொலைநோக்கி மாதிரியே இருக்காது. துணி காயப்போடக் கம்பி இழுத்த மைதானம் மாதிரி இருக்கும். சம்மட்டி பிடித்துக் கம்பம் அடித்ததில் அந்தப் பெண்ணின் கையும் உண்டு.

எதற்காக அதைக் கட்டினார்கள் என்பது முக்கியம். சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது. மின்னேற்றம் கொண்ட துகள்கள். தூரத்து ரேடியோ மூலங்களிலிருந்து வரும் அலை அந்தக் காற்றைக் கடந்து வரும்போது மினுக்கும். கண்ணுக்கு நட்சத்திரம் மினுக்குவது நம் காற்றால், ரேடியோவில் மினுக்குவது சூரியக் காற்றால். அந்த மினுக்கலைப் பதியத்தான் நாலரை ஏக்கர்.

பதிவுக்குக் கம்ப்யூட்டர் இல்லை. பேனா ஓடுகிற காகிதச் சுருள். ஒரு நாளைக்கு சுமார் 30 மீட்டர். அத்தனையையும் பெல் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகஸ்டில், அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். மினுக்கலும் இல்லை, ஊர் வண்டிச் சத்தமும் இல்லை. இந்த மாதிரி ஒன்றை இதே திசையில் முன்னேயும் பார்த்தோமே என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பழைய சுருளைப் புரட்டினார், இருந்தது. இன்னொன்றும் உறுத்தியது. கிறுக்கல் வந்தது நடுராத்திரி வாக்கில். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது சூரியக் காற்றின் மினுக்கல் அடங்கிக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் இவ்வளவு துள்ளுவது யார்?

காகிதத்தை வேகமாக ஓட்டிப் பதிந்தால் கிறுக்கல் விரியும். அதற்காகத் தினமும் போய்க் காத்திருந்தார். சிக்னல் வாரக்கணக்கில் காணவில்லை. ஒருநாள் ஒரு சொற்பொழிவு கேட்கப் போனார், அன்றைக்குப் பார்த்து அது வந்துவிட்டுப் போயிருந்தது. கடைசியில் நவம்பர் 28-ஆம் தேதி சிக்கியது. பேனா சீராக முட்டிக்கொண்டே போனது, 1.337 வினாடிக்கு ஒரு முட்டு.

ஹியூவிஷ் முதலில் சொன்னது, இது மனுஷன் வேலை என்று. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவ்வளவு கணக்காக எந்த நட்சத்திரம் மணியடிக்கும்? இங்கேதான் உங்கள் மில் சங்கு வருகிறது. அந்தச் சிக்னல் நாளுக்கு நாள் நாலு நிமிடம் முந்தி வந்தது. மாதக்கணக்கில், நட்சத்திரங்களோடு நட்சத்திரமாக, வானத்தில் அதே இடத்தில். லாரியோ வெல்டிங் பட்டறையோ தினம் நாலு நிமிடம் முந்தி வேலை ஆரம்பிக்காது. நட்சத்திரக் கணக்கில் வேலை பார்க்கிற மனுஷர்கள் வானியலாளர்கள் மட்டும்தான். வேறு ஆய்வகங்களில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்றும் விசாரித்தார்கள், இல்லை. நிலாவில் பட்டுத் திரும்பும் ரேடாரா என்று பார்த்தார்கள். தெற்குப் பக்கம் இருந்த பெரிய தகரக் கொட்டகையைக்கூடச் சந்தேகப்பட்டார்கள்.

சூரிய குடும்பத்துக்குள்ளேயே ஏதாவது கோளாக, செயற்கைக்கோளாக இருந்தால்? அதுவும் முடியாது. உள்ளே இருக்கிற எதுவும் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். வியாழனை இரண்டு மாதம் பார்த்தால் பக்கத்து நட்சத்திரத்தை விட்டு விலகியிருப்பது தெரியும். இது அசையவில்லை.

அப்புறம் இன்னொரு சோதனை. ஒரே துடிப்பை வேறு வேறு அலைவரிசையில் கேட்டால், உயர்ந்த அலைவரிசையில் முன்னாலும் தாழ்ந்ததில் கொஞ்சம் பின்னாலும் வருகிறது. வெட்டவெளியில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் தாழ்ந்த அலைகளைக் கூடுதலாகப் பிடித்து இழுக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் புறப்படுவார்கள். தாராபுரத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி இருந்தால், பழனியில் அது கூடிப்போகும். இடைவெளியைப் பார்த்து எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அப்படிக் கணக்குப் போட்டதில் அந்தச் சிக்னல் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருந்து வருவது தெரிந்தது.

வேற்றுலகவாசிகளாக இருக்குமோ என்றும் பேசிக்கொண்டார்கள். 'பச்சைக் குட்டி மனிதர்கள்' என்று செல்லப் பெயர்கூட வைத்தார்கள், பாதி விளையாட்டாக. அவர்கள் ஒரு கோளிலிருந்து அனுப்பினால் அந்தக் கோள் தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்புகள் நெருங்கியும் விலகியும் வரும். ஹியூவிஷ் அளந்து பார்த்தார். நெருக்கமும் விலகலும் இருந்தது, ஆனால் அது நம் பூமி சூரியனைச் சுற்றுகிற கணக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது ஒன்றையும் பெல் பிடித்தார். குளிரில் கருவி மக்கர் செய்ததாம். சுவிட்சைத் தட்டி, மூச்சை ஊதி, திட்டித் தீர்த்து, ஐந்து நிமிடம் வேலை வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1.2 வினாடி இடைவெளி. இரண்டு மூலையில் இரண்டு கூட்டம் குட்டி மனிதர்கள் ஒரே நேரத்தில் நம்மை அழைக்க மாட்டார்களே. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

எனக்கு இதில் ருசி எங்கே என்றால், நம் வீட்டு ஒரே விளக்கின் காற்றைப் பார்க்க விரித்த வலையில்தான் வெளியூர் விளக்கு வந்து விழுந்தது. சூரியக் காற்றின் மினுக்கலுக்கு நம் பக்கமும் ஒரு பெரிய வலை இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் படுத்துக் கிடக்கும். அந்தச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் சரிவின் கோணமும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே போனால் போதும், ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். இதில் சூரியக் காற்றும் பார்க்கிறார்கள், பல்சரும் பார்க்கிறார்கள். நான் ஊட்டியில் வேலை பார்த்தபோது பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒருத்தன் முழு நீளத்தையும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், கண்ணை எங்க வைக்கணும்?" என்றான்.

கே: எங்கள் ஊரில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. பல்சரும் அதே மாதிரிதான் என்று படித்தேன். எங்கள் விளக்கை மோட்டார் சுற்றுகிறது. பல்சரை யார் சுற்றுகிறார்கள்?
– மீனவர் வீட்டுப் பெண், கோடியக்கரை

ப: ஒருவரும் சுற்ற வேண்டாம், பழைய சுற்றுத்தான். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் அதன் நடுப்பகுதி பொசுக்கென்று உள்ளே விழுகிறது, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. எஞ்சிய நடுப்பகுதி சூரியனைவிடக் கூடுதல் எடை, ஆனால் 20 கிலோமீட்டர் உருண்டை. ஒரு சர்க்கரைக் கட்டி அளவு வெட்டி எடுத்தால் பல கோடி டன். சிறு வயதில் கையை விரித்துத் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சுற்றும்போதே கையை மார்போடு மடக்கினால் வேகம் கூடும். அதே சங்கதி. சூரியன் தன்னைச் சுற்ற ஏறக்குறைய 25 நாள் எடுத்துக்கொள்கிறது. அதை அப்படியே 20 கிலோமீட்டருக்குச் சுருக்கினால் ஒரு சுற்றுக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

காந்தப்புலமும் சேர்ந்து இறுகுகிறது. காந்தத் துருவங்களிலிருந்து ரேடியோ அலை கற்றையாகப் பாய்கிறது. சுற்றும் அச்சும் காந்த அச்சும் ஒன்றாக இல்லாததால் கற்றை வானத்தைத் துழாவுகிறது. நம் பக்கம் வரும்போது ஒரு துடிப்பு. நம் பக்கமே வராத கற்றைகளும் ஏராளமாக இருக்கும். உங்கள் ஊர் விளக்குக்கு இல்லாத ஒரு குணம், பல்சர் வயதாக வயதாக மெதுவாகிறது.

கி.பி. 1054 ஜூலையில் சீனர்கள் 'விருந்தாளி நட்சத்திரம்' என்று ஒன்றைக் குறித்து வைத்தார்கள், பகலிலேயே 23 நாள் தெரிந்ததாம். அது வெடித்த இடத்தில் இன்று நண்டு நெபுலா என்கிற வாயு மேகம். அதற்குள் ஒரு பல்சர், வினாடிக்கு 30 சுற்று. பிறந்த தேதி தெரிந்த பல்சர் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

கே: என் நட்சத்திரம் திருவாதிரை. அது வெடிக்கப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். வெடித்தால் எனக்கு ஏதாவது ஆகுமா? சூரியனும் இப்படிப் பல்சர் ஆகிவிடுமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

ப: உங்களுக்கு ஒன்றும் ஆகாது அம்மா. திருவாதிரை பல நூறு ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. 2019 கடைசியில் அது மங்கியதும் டிவிக்காரர்கள் குதித்தார்கள். பிறகு பார்த்தால், அது கக்கிய தூசியே அதற்குத் திரை போட்டிருக்கிறது. வெடிக்கத்தான் போகிறது, ஆனால் வானியலில் 'விரைவில்' என்றால் ஒரு லட்சம் வருஷமும் விரைவுதான். வெடித்த பிறகு அது பல்சர் ஆக நல்ல வாய்ப்பு உண்டு. ஜாதகத்தில் என்ன எழுதுவார்கள் என்பது ஜோசியர் கவலை.

சூரியனுக்கு அந்த யோகம் இல்லை. எடை போதாது. இன்னும் 500 கோடி வருஷம் போல எரிந்து, ஊதிப் பெருத்து, கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கி, வெள்ளைக் குள்ளனாக ஆறிப்போகும். வெள்ளைக் குள்ளன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் தாங்காது, நொறுங்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் மேல்படிப்புக்குக் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்கு அது. அப்போது வயது 19. நோபல் வந்தது 1983-இல்.

கே: சூரியனுக்கு ஒளிந்திருக்கும் ஜோடி நட்சத்திரம் ஒன்று உண்டு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
– ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

ப: தேடினார்கள், கிடைக்கவில்லை. 1984-இல் சில விஞ்ஞானிகள் நெமிசிஸ் என்று பெயர் வைத்து அப்படி ஒன்று இருக்கலாம் என்றார்கள். பூமியில் உயிர்கள் கூட்டமாக அழிவது 2.6 கோடி வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதாக ஒரு கணக்கு வந்தது, அதற்குக் காரணம் தேடியதில் பிறந்த யோசனை. பிறகு வைஸ் என்கிற விண்கலம் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படம் பிடித்தது. மங்கலான நட்சத்திரமாக இருந்தாலும் வெப்பம் காட்டிக்கொடுத்திருக்கும். ஒன்றும் இல்லை. வியாழன்தான் அந்த ஜோடி, நட்சத்திரமாகாமல் நின்றுபோனது என்றும் சொல்வார்கள். நட்சத்திரமாக அது இப்போது இருப்பதைப்போல 75, 80 மடங்கு எடை வேண்டும். கிட்டே வந்த கதை அல்ல.

ஆனால் விருந்தாளி வந்துபோனது உண்மை. ஷோல்ஸ் நட்சத்திரம் என்று ஒரு மங்கல் சிவப்பு நட்சத்திரம், எழுபது எண்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்மைச் சுமார் ஒரு ஒளியாண்டு தூரத்தில் கடந்து போயிருக்கிறது. வாசல் வரை வந்து உள்ளே நுழையாமல் போனவர். இப்போது 20 ஒளியாண்டுக்கு மேல் தள்ளிப் போய்விட்டார்.

கே: இதனால் என்ன பிரயோஜனம்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், அருப்புக்கோட்டை

ப: நீங்களா கேட்பது? பல்சர்தான் வானத்தின் பின்கோடு. 1977-இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் ஒரு தங்க முலாம் தட்டு இருக்கிறது. யாராவது கண்டெடுத்தால் அனுப்பியவர் விலாசம் தெரிய வேண்டாமா? 14 பல்சர்களின் திசையையும் துடிப்பு நேரத்தையும் கோடு கோடாக வரைந்து, நடுவில் சூரியனை வைத்திருக்கிறார்கள். இரண்டு கலமும் இப்போது சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டன. விலாசம் எழுதிய கடிதம், டெலிவரி ஆகுமா என்பது வேறு விஷயம்.

கே: போன இதழில் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக ஜோசலின் பெல் நோபல் பரிசு வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். தவறு.
– கல்லூரி நூலகர், நாகர்கோவில்

ப: தவறுதான். மன்னிக்கவும். 1974 இயற்பியல் நோபல், ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. நான் எழுதும்போது கை தானாக அவர் பெயரை எழுதிவிட்டது, வாங்கியிருக்க வேண்டும் என்கிற ஆசையில். மாணவர்களுக்கு நோபல் கொடுக்காததில் தப்பில்லை என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அத்தனை மீட்டர் காகிதத்தில் அரை சென்டிமீட்டரைப் பிடித்தது அவர் கண். 2018-இல் 30 லட்சம் டாலர் கொண்ட சிறப்பு பிரேக்த்ரூ பரிசு அவருக்கு வந்தது. மொத்தத்தையும் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வர வாய்ப்பில்லாத மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

கே: பல்சரை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?
– ஆறாம் வகுப்பு மாணவன், சங்ககிரி

ப: முடியாது ராஜா. நண்டு நெபுலா பல்சர் ஒளியிலும் மின்னுகிறது, ஆனால் அதற்கும் நல்ல தொலைநோக்கியும் வேகமான கேமராவும் வேண்டும். நீ செய்யக்கூடியது அந்த நாலு நிமிடத்தைப் பிடிப்பது. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள். ஏதாவது ஒரு பளிச் நட்சத்திரம், அசையாத ஒரு சுவர் ஓரம், நாற்காலிக்குச் சாக்பீஸ் வட்டம். மணி செல்போனில் பார். சுவர்க் கடிகாரம் வேண்டாம், எங்கள் வீட்டுக் கடிகாரத்தை நம்பி முதல் வருஷம் எழுதியது அத்தனையும் வீண். அது தினம் இரண்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தது நாலு நாள் குறித்து எனக்கு அனுப்பு. மேகம் வந்த நாளையும் எழுது, விட்டுவிடாதே.